பதின்மூன்று கோடி ஆண்டுக் காடும் ஒரு பிடி மண்ணும்



பள்ளி அறிவியல் விழாவிற்காக என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சுவரொட்டி தயாரித்துக் கொண்டிருந்தார்கள். தலைப்பு, 'நம் நாட்டு மழைக்காடு'. ஒரு மாணவி பெரிய எழுத்துகளில், "தாமான் நெகாரா: 130 மில்லியன் ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் காடு" என்று எழுதி, அதற்குப் பச்சை வண்ணம் தீட்டிக் கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்த ஒரு மாணவன் என்னிடம் திரும்பிக் கேட்டான்.

"ஐயா, அதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?"

நான் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "எல்லாத் துண்டறிக்கையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. நீ போய் உன் வேலையைப் பார், தம்பி."

அவன் போய்விட்டான். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ஓர் ஆசிரியரிடம் மாணவன் கேட்கக்கூடிய மிகச் சிறந்த அறிவியல் கேள்வி அது. அதைத் துண்டறிக்கையைக் காட்டி விரட்டி அடித்தவன் நான். இருபது ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன் என்று சொல்லிக் கொள்பவன்!

இந்தக் கட்டுரை அந்த மாணவனுக்கு நான் பட்ட கடன். அதோடு, என்னைப் போலவே அந்த வாக்கியத்தை ஆண்டுதோறும் ஒப்பித்துக் கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு கண்டனமும் கூட. என்னையும் சேர்த்துத்தான் கண்டிக்கிறேன்.

எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள்

130 மில்லியன் என்றால் 13 கோடி. 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் டைனோசர்கள் நடமாடின. சரி, அப்போது காடு இருந்ததா? இருந்தது. எந்தக் காடு என்பதுதான் கேள்வி.

இன்று தாமான் நெகாராவில் நாம் அண்ணாந்து பார்க்கும் மெராந்தி, கெருயிங் முதலிய பெருமரங்கள் எல்லாம் பூக்கும் தாவரங்கள். பூக்கும் தாவரங்களின் மகரந்தம் பாறைகளில் தென்படத் தொடங்குவதே ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அப்போதைய காடுகளை ஆண்டவை ஊசியிலை மரங்களும் பெரணிகளும் சைக்கஸ் இனங்களும். பூக்கும் மரங்கள் கவிந்து மூடிய இன்றைய வகை மழைக்காடு மிகவும் பிந்தியது. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 50,000க்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவுகளையும் 6,000க்கும் மேற்பட்ட இலைப் படிவங்களையும் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பேரழிவிற்குப் பிறகுதான் அங்கே இன்றைய வகை மழைக்காடு உருவானது என்று அது காட்டியது.

நம் மெராந்தியின் கதை இன்னும் சுவையானது. மெராந்தி சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்தின் தொல் மகரந்தத்தைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள், 2022ஆம் ஆண்டில் அதே இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்திய நிலப்பகுதிக்குப் பரவி, இந்தியா ஆசியாவை நெருங்கிய காலத்தில், அதாவது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்கிழக்காசியாவுக்கு வந்து சேர்ந்ததாம். நம் காட்டின் அரசனே இந்தியா வழியாக வந்தவன்! இந்நாட்டில் 'வந்தேறி' என்ற சொல்லைக் கேட்டு மனம் புண்பட்ட பெற்றோர்கள் பலர் இதைப் படிக்கக் கூடும். உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். யாரையும் திருப்பி அடிப்பதற்காக அன்று. வேர் விட்டு நிற்பவை எல்லாம் ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்தவையே என்று மண்ணே சொல்கிறது என்பதற்காக.

மண் எப்படிச் சாட்சி சொல்கிறது?

"ஐயா, இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அந்த மாணவன் மறுபடியும் கேட்பான் என்றே வைத்துக் கொள்வோம். இம்முறை ஒழுங்காகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

செடியும் மரமும் மக்கிப் போகும். ஆனால் முழுவதும் மக்கிப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு பொருள்களை அவை மண்ணில் விட்டுச் செல்கின்றன.

முதலாவது, மகரந்தம். மகரந்த மணியின் வெளிச்சுவர் இயற்கையில் உள்ள மிக உறுதியான கரிமப் பொருள்களில் ஒன்றால் ஆனது. காற்றுப் புகாத ஈரச் சேற்றிலும் ஏரியடியிலும் கரிச்சதுப்பு நிலத்திலும் அது இலட்சக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஒவ்வொரு தாவர இனத்திற்கும் அல்லது குடும்பத்திற்கும் மகரந்தத்தின் வடிவம் தனி. முள் உள்ளது, வழவழப்பானது, பைனைப் போல இரண்டு காற்றுப் பைகளைச் சுமப்பது என்று பலவகை. சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் 1916ஆம் ஆண்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் நகரில் ஆற்றிய உரையில், சதுப்பு நிலத்தின் ஒவ்வோர் ஆழத்திலும் எந்த மரத்தின் மகரந்தம் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி வரைந்த வரைபடங்களைக் காட்டினார். காட்டின் வரலாற்றை எண்ணிக் கணக்கிடும் கலை அங்கிருந்துதான் வளர்ந்தது. "யார் எண்ணிப் பார்த்தார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பெயரும் ஓர் ஆண்டும் இருக்கின்றன, பாருங்கள்!

இரண்டாவது, தாவரக்கல். ஆங்கிலேயர் இதைப் 'பைட்டோலித்' என்பர். கிரேக்க மொழியில் தாவரம், கல் என்னும் இரு சொற்களின் கூட்டே அது. ஆகவே நாம் தாவரக்கல் என்றே சொல்லலாம். நிலத்து நீரில் கரைந்துள்ள சிலிக்காவை வேர் உறிஞ்சுகிறது. அது இலையிலும் தண்டிலும் உமியிலும் உள்ள உயிரணுக்களுக்குள்ளும் அவற்றின் இடைவெளிகளிலும் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. செடி அழுகினாலும் எரிந்தாலும் அந்தக் கண்ணாடித் துணுக்கு அழிவதில்லை. உயிரணுவின் வடிவத்தை அச்சு எடுத்தது போல் வைத்துக் கொண்டு மண்ணோடு கலந்துவிடும். மகரந்தம் கெட்டுப்போகும் வறண்ட மண்ணிலும் இது தாக்குப்பிடிக்கும். காரத்தன்மை மிகுந்த மண்ணில்தான் கரைந்து போகும்.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் லாலான் புல்லில் கை அறுபட்டவர்தாம். புல்லின் ஓரத்தில் கத்தி வைத்தவர் யார்? சிலிக்காதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கினார்களே, சாம்பலால் பாத்திரம் தேய்த்தார்களே, அந்தத் தேய்க்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. பாட்டியின் அடுப்படியில் இருந்த பாடத்தை நாம் வகுப்பறைக்குள் கொண்டுவர மறந்துவிட்டோம்.

வடிவங்களும் பேசும். பனைக் குடும்பத்தின் தாவரக்கல் முள் முளைத்த உருண்டை. நெல்லிலையின் சில அணுக்கள் விசிறி போன்ற கல்லைத் தருகின்றன. வாழையிலையில் இருப்பதோ எரிமலை வாயைப் போல நடுவில் குழி விழுந்த கல். புல்லிலும் சில வகைகள் இரு தலை கொண்ட எடைக்கட்டி போலவும், சில வகைகள் சேணம் போலவும் இருக்கும். வெப்பமான வறண்ட வெளியில் வளரும் புல் எது, ஈரமான இடத்தில் வளரும் புல் எது என்று இவற்றை வைத்து ஓரளவு பிரித்தறியலாம். நிலத்தில் குழாயை இறக்கி அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்து, அமிலத்தால் கழுவி, நுண்ணோக்கியில் எண்ணி, கதிரியக்கக் கரிமத்தால் அடுக்கின் வயதைக் கணித்தால், அந்த இடத்தில் எப்போது காடு இருந்தது, எப்போது புல்வெளி இருந்தது, மழை மிகுந்திருந்ததா குறைந்திருந்ததா என்ற கதை கீழிருந்து மேலாக எழுந்து வரும்.

சுபாங்கும் பத்துமலையும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். "இங்கே பனிப்பாறை வரவில்லை, அதனால் காடு மாறவில்லை" என்பது துண்டறிக்கைகளின் வாதம். பனிப்பாறை வரவில்லை என்பது உண்மை. காடு மாறவில்லை என்பது உண்மையன்று.

கோலாலம்பூருக்கு அருகில் உள்ள சுபாங்கில், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய படிவு ஒன்றை மகரந்த ஆய்வாளர் இராபர்ட் மோர்லி விவரித்திருக்கிறார். அதில் மிகுந்திருந்தவை எவை? பைன் மரத்தின் மகரந்தமும் புல்லின் மகரந்தமும். இன்று தீபகற்ப மலேசியாவில் பைன் மரம் இயற்கையாக வளர்வதே இல்லை. நாம் காணும் பைன்கள் மனிதர் நட்டவை. ஆனால் ஒரு காலத்தில் சுபாங்கில் பைன் மரங்கள் நிற்க, இடையிடையே புல்வெளி விரிந்து கிடந்தது. இன்றைய மழைக்காட்டைவிட வறண்ட, பருவம் பிரிந்த தட்பவெப்பத்தின் அடையாளம் அது.

அடுத்தது, நாம் தைப்பூசத்திற்குப் போகும் பத்துமலை. 272 படிகள் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குள் வௌவால்களின் எச்சம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வௌவால் பூச்சியைத் தின்னும். பூச்சி, மரத்து இலையையோ புல்லையோ தின்னும். வெப்பமண்டலப் புல்லின் கரிமத்திற்கும் மரத்தின் கரிமத்திற்கும் உள்ள வேறுபாடு அந்த எச்சத்தில் பதிந்துவிடும். பத்துமலை, பிலிப்பைன்சின் பலாவான், சரவாக்கின் நியா ஆகிய இடங்களின் குகை எச்சங்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பனியுகத்தில் தீபகற்ப மலேசியாவிலும் பலாவானிலும் காடு பெருமளவு சுருங்கியது என்றும், வட போர்னியோவில் மழைக்காடு நிலைத்திருந்தது என்றும் அது கூறியது. இது தாவரக்கல் அன்று, மகரந்தமும் அன்று. ஆனால் அதே வழக்கில் வந்து நிற்கும் இன்னொரு சாட்சி.

பனியுகத்தின் உச்சம் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன். கடல் மட்டம் இன்றைக்குவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்பமும் சுமத்திராவும் சாவகமும் போர்னியோவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. கடல் விலகினால் காற்றில் ஈரம் குறையும், மழை குறையும். பனிப்பாறை இங்கே வரத் தேவையே இல்லை. வடக்கே நீர் பனியாக உறைந்து போனதே நம் காட்டைச் சுருக்கப் போதுமானதாக இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாமான் நெகாராவின் ஒவ்வோர் ஏக்கரும் புல்வெளியாக மாறியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் துண்டறிக்கை எழுதுபவனாகிவிடுவேன். மலைச் சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் காடு ஒதுங்கி நின்றிருக்கலாம். 'மாறாத காடு' என்ற சொல்தான் பொய். மிகப் பழைமையான மரபு கொண்ட காடு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சுருங்கி, ஒதுங்கி, மீண்டும் விரிந்த காடு என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன்.

சாட்சிகளுக்கும் குறை உண்டு. பைன் மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு போகும். பூச்சிகள் மகரந்தம் சுமக்கும் மெராந்தி போன்ற மரங்களோ மண்ணில் குறைவாகவே பதிவு வைக்கும். ஒரே வடிவத் தாவரக்கல்லைப் பல செடிகள் தரும். ஆகவேதான் ஆய்வாளர் ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவதில்லை. அந்தப் பொறுமையைத்தான் நம் பிள்ளைகள் கற்க வேண்டும்.

வாழையிலை காப்பாற்றிய மானம்

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

பாப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில் குக் என்றொரு சதுப்பு நிலம் உண்டு. அந்தத் தீவின் மக்களுக்கு வேளாண்மையை வெளியார்தாம் கொண்டு வந்து கொடுத்தனர் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவர்களிடம் எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. வாழையும் கிழங்கும் பயிரிட்டவர்களின் தோட்டத்தில் பின்னாளில் தோண்டி எடுக்க என்ன மிஞ்சும்? பயிர் வாழைக்கு விதை கூட இல்லையே!

1970களில் ஜாக் கோல்சன் என்ற தொல்லியலாளர் அங்கே பழைய வாய்க்கால்களை அகழ்ந்தார். பின்னர் டிம் டென்ஹாம் குழுவினர் அந்த மண்ணின் மகரந்தத்தையும் தாவரக்கற்களையும் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் வாழையின் எரிமலை வாய்க் கற்கள் மிகுந்து கிடந்தன. அந்த அடுக்கின் மற்றச் சான்றுகள், சுற்றிலும் புல்வெளி இருந்ததைக் காட்டின. தானாக முளைத்தால் புல்வெளி நடுவே அத்தனை வாழை நிற்காது. யாரோ நட்டிருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள். உலகில் வேளாண்மை தனித்துத் தோன்றிய இடங்களுள் ஒன்று நியூகினி என்று இன்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 2008ஆம் ஆண்டில் குக் உலக மரபுடைமை இடமாக அறிவிக்கப்பட்டது.

எழுத்தில்லாத மக்களின் உழைப்பை, நூலில் ஒரு வரியும் இல்லாத உழைப்பை, மண் நினைவில் வைத்திருந்தது. சான்றில்லாத கதை ஒரு மக்களைச் சிறுமைப்படுத்தியது. சான்று அவர்களை நிமிர வைத்தது. சான்றைத் தேடும் பழக்கம் எளியவர்களுக்கு எதிரி அன்று, துணை. அதைக் கற்காமல், வெறும் வியப்பை மட்டும் கற்றால், நாளை வேறொருவர் நம்மைப் பற்றிச் சொல்லும் வியப்பூட்டும் பொய்யையும் நம் பிள்ளை கைதட்டி ஏற்றுக்கொள்ளும்.

சாக்குப் போக்குகள்

இதை ஆசிரியர் அறையில் பேசினேன். வந்த மறுமொழிகளையும் என் பதில்களையும் தருகிறேன்.

"இது தேர்வில் வருமா?" யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போனது. தேர்வுப் புத்தி இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை! வினாத்தாளில் வருவது மட்டுமே அறிவு என்றால், ஆறாண்டுக் கல்வி எதற்கு?

"சின்னப் பிள்ளைகளைக் குழப்பலாமா?" குழப்பியவன் அந்த மாணவன் அல்லன், நான். அவன் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. பத்து வயதுப் பிள்ளை 13 கோடி என்ற எண்ணைத் தாங்கும், ஆனால் அதற்கான காரணத்தைத் தாங்காது என்பது என்ன நியாயம்?

"தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது?" இந்தக் கட்டுரையில் இதுவரை நீங்கள் எங்காவது தடுக்கி விழுந்தீர்களா? மகரந்தம், தாவரக்கல், அடுக்கு, படிவு, சதுப்பு, பெரணி எல்லாம் தமிழ்தானே? 2003ஆம் ஆண்டு முதல் சில காலம் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னார்கள், பிறகு மாற்றினார்கள், இப்போது இருமொழித் திட்டம் என்கிறார்கள். எந்த மொழியில் கற்பித்தாலும் "துண்டறிக்கையில் இருக்கிறது, எழுது" என்றால் அது அறிவியல் ஆகாது. குறை மொழியில் இல்லை, நம் முயற்சியில் இருக்கிறது.

நான்காவது வாதம் ஆபத்தானது. ஒரு பெற்றோர் புலனத்தில் அனுப்பியிருந்தார்: "காடு எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கிறது, ஐயா? தட்பவெப்பமும் அப்படித்தானே? பிறகு ஏன் இன்று மட்டும் இவ்வளவு கூச்சல்?"

நல்ல கேள்வி. அதற்கும் மண்ணிடமே விடை உண்டு. பனியுகம் முடிந்து உலகம் வெப்பமடைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அந்த அவகாசத்தில் விதைகள் நடந்தன, காடு ஒதுங்கிய இடத்திலிருந்து மீண்டும் விரிந்தது. இன்று நாம் ஒரு நூற்றாண்டுக்குள் வெப்பத்தை ஏற்றிக் கொண்டிருக்கிறோம். அதோடு, ஒதுங்கி நிற்க வேண்டிய சரிவுகளையும் ஆற்றோரங்களையும் வெட்டிக் கொண்டிருக்கிறோம். ஓடி ஒளிய இடம் இருந்ததால் காடு பிழைத்தது. இன்று அந்த இடத்தை யார் விட்டு வைத்தார்கள்?

'மாறாத காடு' என்ற பொய் இங்கேதான் உண்மையாகவே தீங்கு செய்கிறது. 13 கோடி ஆண்டு அசையாமல் நின்றது என்றால், நம் கோடரியால் அதற்கு என்ன ஆகிவிடும் என்று பிள்ளை நினைக்கும். மாறக்கூடியது, சுருங்கக்கூடியது, பிழைக்க இடம் வேண்டியது என்று அறிந்த பிள்ளைதான் அதைக் காக்க நினைக்கும்.

நாம் செய்யக் கூடியவை

புலம்பிவிட்டுப் போவது ஆசிரியர்க்கு அழகன்று. என் வகுப்பில் தொடங்கியிருப்பவற்றைச் சொல்கிறேன். செலவு மிகக் குறைவு.

1. பள்ளி வளாகத்துச் செம்பருத்தியின் மகரந்தத்தை நுண்ணோக்கியில் காட்டுங்கள். பெரிய மணிகள், முள் முளைத்தவை. சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியே போதும். கூடவே புல்லின் மகரந்தத்தையும் காட்டுங்கள். வேறுபாட்டைப் பிள்ளைகளே வரையட்டும்.

2. லாலான் புல்லின் ஓரத்தை நுண்ணோக்கியில் காட்டிவிட்டு, "இது ஏன் அறுக்கிறது?" என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லாதீர்கள்.

3. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் அடுக்குகளைப் பார்த்து, முதலில் படிந்தது எது என்று கேளுங்கள். கீழே இருப்பது முந்தியது என்ற ஒரு விதியைப் புரிந்து கொண்டால், அகழாய்வின் அரிச்சுவடி முடிந்தது.

4. பெற்றோர்களே, பிள்ளை எதையாவது வியந்து சொன்னால், "அடேயப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அதை எப்படிக் கண்டுபிடித்தார்களாம்?" என்றும் கேளுங்கள். புலனத்தில் வருவதை மற்றவர்க்கு அனுப்புமுன் உங்களையும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரொட்டியில் அந்த மாணவி எழுதிய வரியை நான் அழிக்கச் சொல்லவில்லை. அவளையும் கேள்வி கேட்டவனையும் ஒன்றாக உட்கார வைத்து, மேலே சொன்னவற்றைக் கதையாகச் சொன்னேன். அவளே 'மாறாமல்' என்ற சொல்லின் மீது வெள்ளைத் தாளை ஒட்டி, 'மாறி மாறி' என்று எழுதினாள். எண்ணை எடுத்துவிட்டு அங்கே ஒரு கேள்விக்குறி போட்டான் அவன். விழாவில் பரிசு கிடைக்கவில்லை. 'தகவல் முழுமையில்லை' என்று நடுவர் எழுதியிருந்தார். பரவாயில்லை. அந்தக் கேள்விக்குறிக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

நம்முடைய அடுக்கு

இறுதியாக ஒன்று. 1877ஆம் ஆண்டில் பிரேசிலின் இரப்பர்க் கன்றுகள் இந்த மண்ணுக்கு வந்தன. 1917ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செம்பனை, சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டது. காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், நட்டவர்கள், களை பிடுங்கியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பாட்டனும் என் பாட்டனும்தான்.

இன்னும் ஐயாயிரம் ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் இங்கே குழாயை இறக்கினால், மேலடுக்கில் திடீரென்று காட்டு மரங்களின் தடயம் குறைவதைக் காண்பார். எரிந்த கரித்துகள் தெரியும். அதற்கு மேலே முள் உருண்டைத் தாவரக்கற்கள் குவியல் குவியலாக வரும். நியூகினியின் வாழை உழவர்களைப் போலவே, நம் தாத்தாக்களின் பெயரையும் பெரும்பாலும் எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. மண் எழுதி வைத்திருக்கிறது. காட்டை அழித்த கணக்கும் அதில் இருக்கிறது, உழைத்த கணக்கும் அதில் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை நாம் வளர்க்க வேண்டாமா?

அடுத்த முறை ஒரு மாணவன், "ஐயா, அதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?" என்று கேட்டால், துண்டறிக்கையைக் காட்டாதீர்கள். அவனை வெளியே அழைத்துப் போய், ஒரு பிடி மண்ணை அவன் கையில் கொடுங்கள்.

சிந்திப்போம். செயல்படுவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்